சுண்டெலியில் இடியோடைப்பும் சப்ரஸர் டி செல்லும்: டெல்டா மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்தில் முதுகலை விலங்கியலும் உயிரித்தொழில்நுட்பமும் படிக்கும் பிள்ளைகளுக்கு வார இறுதியில் நோய் எதிர்ப்பியல் பாடம் எடுத்துவருகிறேன். இடியோடைப் பகுதிக்கு வந்துவிட்டால் வருஷம் தவறாமல் அதே சந்தேகங்கள்தான். கைடுகளில் இது நான்கு வரியில் முடிந்துவிடுகிறது. எலியில் நேரில் பார்த்தது எது, அதற்குப் பிறகு சொல்லப்பட்ட விளக்கம் எது என்று அந்த நான்கு வரியில் பிரித்திருப்பதில்லை. பிள்ளைகள் தடுமாறுவது முழுக்க அந்த இடத்தில்தான். அதனால் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் சேர்த்து வைக்கிறேன்.

மேடம், இடியோடைப்னா ஆன்டிபாடியில எந்த இடம்? படத்துல காட்டவே மாட்டேங்குறாங்களே?

ஒய் வடிவ ஆன்டிபாடியின் இரண்டு கை நுனிகளிலும்தான் ஆன்டிஜென், அதாவது ஆன்டிபாடி பிடிக்கும் பொருள், ஒட்டுகிறது. ஒவ்வொரு நுனியிலும் கன சங்கிலியிலிருந்து மூன்று, இலகு சங்கிலியிலிருந்து மூன்று என்று ஆறு வளையங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஆன்டிபாடிக்கு ஆன்டிபாடி அதிகம் வேறுபடுவது இந்த வளையங்களில்தான். நுனியின் புரத வடிவம் அந்த ஆன்டிபாடிக்கே உரியது என்பதால், இன்னொரு உடம்புக்குள் போனால் அந்த நுனியே ஒரு ஆன்டிஜெனாகத் தெரியும். அப்படி அடையாளம் காணப்படும் வடிவங்களின் தொகுப்புதான் இடியோடைப். தனியாக ஒரு உறுப்பு கிடையாது. அதனால்தான் படத்தில் அம்புக்குறி போட்டுக் காட்ட முடிவதில்லை.

1963இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ழாக் ஊதேன் இதை முயல்களில் காட்டினார். அதே ஆண்டு அமெரிக்காவில் ஹென்றி குங்கெல் குழுவினர் மனித ஆன்டிபாடிகளிலும் இதைப் பார்த்தார்கள்.

நம்ம உடம்பு செஞ்ச ஆன்டிபாடிக்கு நம்ம உடம்பே எதிர்ப்பு காட்டுமா? லாஜிக்கே இடிக்குதே.

இடிப்பது போலத்தான் தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். உடம்பு பொறுத்துக்கொள்ளக் கற்பது, வளரும் காலத்திலிருந்தே கண்ணெதிரே ஏராளமாக இருக்கும் சொந்தப் புரதங்களைத்தான். ஒரு குறிப்பிட்ட கிருமிக்கான ஆன்டிபாடி நுனியோ தடுப்பூசிக்கு முன் ரத்தத்தில் அணுவளவுதான் இருக்கும். ஊசி போட்டதும் திடீரென்று பெருகும். அதுவரை பார்த்திராத வடிவம் ஒன்று கூட்டமாக வந்தால் சில பி செல்கள் (ஆன்டிபாடி செய்யும் வெள்ளையணுக்கள்) அதைப் பிடித்துக்கொள்ளும்.

இது வெறும் ஊகமும் இல்லை. பாஸ்போரைல்கோலின் (ஒரு கிருமியின் சுவரில் உள்ள சின்ன மூலக்கூறு, கீழே விவரம் வரும்) போட்ட எலி, தான் செய்த ஆன்டிபாடியின் இடியோடைப்புக்கு எதிராகத் தானே ஆன்டிபாடி செய்வதை 1974இல் குளூஸ்கென்ஸும் ஹைன்ஸ் கோலரும் காட்டினார்கள். முதல் ஆன்டிபாடிக்கு ஏபி1, அதன் நுனிக்கு எதிராக வருவதற்கு ஏபி2, ஏபி2வின் நுனிக்கு எதிராக வருவதற்கு ஏபி3 என்று பெயர். தேர்வில் இந்த வரிசையை மாற்றி எழுதிவிடாதீர்கள்.

எதுக்கு எப்பப் பார்த்தாலும் பால்ப்/சி, ஏ/ஜே எலியே வருது? நம்ம வயல்ல கிட்டி வெச்சா மூட்டை மூட்டையா எலி கெடைக்குமே?

தஞ்சாவூர்க் கிட்டியில் விழுபவை பெரும்பாலும் வரப்பு எலிகள்; இனமே வேறு. வயல் சுண்டெலிகளும் கிடைக்கும். அவையும் ஆய்வகச் சுண்டெலியின் உறவுதானே தவிர அதே இனம் இல்லை. அதைவிட முக்கியமான காரணம், வயலில் பிடித்த எந்த இரண்டு எலிக்கும் மரபணு ஒன்றாக இருக்காது என்பது. ஒரே ஊசியைப் போட்டாலும் ஒவ்வொன்றும் வெவ்வேறு இடியோடைப்பில் ஆன்டிபாடி செய்யும். முதல் எலியின் இடியோடைப்புக்குத் தயாரித்த சீரத்தை அடுத்த எலியில் சோதித்துப் பார்க்கவே முடியாது.

பால்ப்/சி, ஏ/ஜே எல்லாம் இருபது தலைமுறைக்கு மேல் உடன்பிறப்புகளுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்யவைத்து உருவாக்கிய வகைகள். ஒரு வகைக்குள் எல்லா எலியும் மரபணுவில் ஏறத்தாழ இரட்டைப் பிள்ளைகள்தான். ஆகவே சில ஆன்டிஜென்களுக்கு அந்த வகையின் எல்லா எலியும் ஒரே இடியோடைப்பைச் செய்கிறது. ஓர் எலியின் செல்லை இன்னொன்றுக்கு மாற்றினாலும் உடம்பு தள்ளிவிடாது. இந்த இரண்டும் இல்லையென்றால் கீழே வரும் சோதனைகளில் ஒன்றைக்கூடச் செய்திருக்க முடியாது.

டி15, டி15னு எழுதியிருக்கே, அது டி செல்லா?

இல்லை. இந்தக் குழப்பம் பலருக்கு உண்டு. பால்ப்/சி எலியில் வளர்ந்த டெப்சி-15 என்ற மைலோமா கட்டியிலிருந்து (ஆன்டிபாடி சுரக்கும் செல்களின் புற்று) வந்த பெயர் அது. அந்தக் கட்டி சுரக்கும் ஆன்டிபாடி பாஸ்போரைல்கோலினில் ஒட்டும். பாஸ்போரைல்கோலின், நிமோனியா தரும் நிமோகாக்கஸ் கிருமியின் செல் சுவரில் இருக்கும் ஒரு சின்ன மூலக்கூறு. சாதாரண பால்ப்/சி எலிக்கு நிமோகாக்கஸ் ஊசி போட்டாலும், பாஸ்போரைல்கோலினுக்கு எதிராக வரும் ஆன்டிபாடியில் பெரும்பகுதி அதே டி15 இடியோடைப்பைத்தான் சுமந்து வருகிறது. அதற்கான மரபணு அந்த வகைக்குப் பரம்பரைச் சொத்து.

இந்த டி15 எலிக்கு உண்மையிலேயே உதவுகிறது. டேவிட் பிரைல்ஸ் குழு 1980களின் தொடக்கத்தில் செய்த சோதனைகளில், டி15 ஆன்டிபாடி கொடுக்கப்பட்ட எலிகள் நிமோகாக்கஸ் தொற்றிலிருந்து பிழைத்தன. பாஸ்போரைல்கோலினில் ஒட்டும் எல்லா ஆன்டிபாடியும் அந்த அளவுக்குக் காப்பாற்றவில்லை. ஆக, எந்த இடியோடைப் மேலோங்குகிறது என்பது எலிக்கு உயிர்ப் பிரச்சினையாகவே இருக்கலாம்.

இடியோடைப்புக்கு எதிரான ஆன்டிபாடியை வெளியிலேருந்து ஊசியாப் போட்டா ஆன்டிபாடி உற்பத்தியே நின்னுடுமா?

1972இல் இரண்டு குழுக்கள் இதைத்தான் பார்த்தன. விடை எலியையும் ஆன்டிஜெனையும் பொறுத்தது. கொசென்சாவும் கோலரும் டி15க்கு எதிரான ஆன்டிபாடி கொடுத்தபோது பாஸ்போரைல்கோலினுக்கான எதிர்ப்பே பெருமளவு அடங்கிவிட்டது. அங்கே உற்பத்தியில் பெரும்பங்கு டி15தான் என்பதால் அதில் வியப்பில்லை. வளர்ந்த எலியில் இந்த அடக்கம் சில வாரங்களில் விலகிவிடும். பிறந்த குட்டியில் கொடுத்தால் வெகுகாலம் நீடிக்கும். பிறகு எதிர்ப்பு திரும்பி வரும்போது வேறு இடியோடைப்புகளோடு வரும்.

ஆல்ஃபிரட் நிசோனாஃப் குழு ஏ/ஜே எலியில் செய்தது இன்னும் தெளிவானது. ஆர்சனேட் என்ற சின்ன வேதிப்பொருளை கேஎல்எச் என்ற கடல் நத்தைப் புரதத்தில் ஒட்டிப் போட்டால், ஏ/ஜே எலி எல்லாம் ஒரு பொதுவான இடியோடைப்பைச் செய்யும். அந்த இடியோடைப்புக்கு எதிராக முயலில் தயாரித்த ஆன்டிபாடியை முன்கூட்டியே எலிக்குப் போட்டுவிட்டுப் பிறகு ஆர்சனேட் ஊசி போட்டார்கள். ஆர்சனேட்டுக்கு எதிரான ஆன்டிபாடி ஏறக்குறைய வழக்கமான அளவுக்கே வந்தது. ஆனால் அந்த இடியோடைப்பை மட்டும் காணவில்லை. ஒரு வாய்க்காலின் தலைமதகை இறக்கிவிட்டால் ஆற்றில் வரும் தண்ணீர் குறைவதில்லை, பக்கத்து வாய்க்கால் வழியாகப் பாய்கிறது, அது போலத்தான். இடியோடைப் அடக்கம் என்றாலே எதிர்ப்புச் சக்தி குறைவது என்று எழுதினால் தவறாவது இதனால்தான்.

ஒரு புக்ல ஆன்டி-இடியோடைப் அடக்கும்னு இருக்கு, இன்னொண்ணுல தூண்டும்னு இருக்கு. எது சரி?

இரண்டும் சரி. கிளவுஸ் ஐக்மன் 1974-75இல் செய்த சோதனைதான் இதற்கு அடிப்படை. ஏ/ஜே எலிகள் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸின் சர்க்கரைக்கு எதிராகச் செய்யும் ஆன்டிபாடியில் ஏ5ஏ என்ற இடியோடைப் அடிக்கடி வரும். அதற்கு எதிரான ஆன்டிபாடியைக் கினிப் பன்றியில் தயாரித்து, ஐஜிஜி1, ஐஜிஜி2 என்று (ஒய்யின் தண்டு வேறுபடும் இரண்டு ஆன்டிபாடி வகைகள்) பிரித்துத் தனித்தனியாக எலிக்குக் கொடுத்தார். ஐஜிஜி2 பகுதி ஏ5ஏவை அடக்கியது. ஐஜிஜி1 பகுதி தூண்டியது.

இரண்டு பகுதியும் ஒரே இடியோடைப்பைத்தான் பிடிக்கின்றன. வேறுபாடு தண்டுப் பக்கத்தில்தான். ஆகவே எதைப் பிடிக்கிறது என்பது மட்டும் போதாது, பிடித்த பிறகு தண்டு யாரோடு பேசுகிறது என்பதும் முடிவை மாற்றுகிறது. அளவும் எலியின் வயதும்கூட முடிவை மாற்றும். இந்தச் சோதனையை விட்டுவிட்டு ‘அடக்கும்’ என்று ஒரே வார்த்தையில் எழுதும் கைடை நம்பாதீர்கள்.

சரி மேடம், இதுவரைக்கும் எல்லாமே ஆன்டிபாடிதானே. டி செல் எங்கேருந்து வந்துச்சு?

டி செல் (தைமஸ் சுரப்பியில் முதிரும் வெள்ளையணு) அடக்கவும் செய்யும் என்ற எண்ணம் தனி வழியில் வந்தது. சப்ரஸர் டி செல் என்பது அப்படி அடக்கும் செல்தான். 1970இல் யேல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் கெர்ஷனும் கொண்டோவும், தைமஸிலிருந்து வரும் செல்கள் எதிர்ப்பைத் தூண்டுவது மட்டுமல்ல, அடங்கியிருக்கவும் வைக்கின்றன என்று எலிகளில் காட்டினார்கள். அந்த அடக்கத்தைச் செல் மூலம் ஓர் எலியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற முடிந்தது.

இடியோடைப் ஆட்களும் அதையே செய்து பார்த்தார்கள். முந்தைய பதிலில் சொன்ன ஐஜிஜி2 கொடுத்து அடக்கிய எலியின் மண்ணீரல் செல்களை எடுத்து, லேசாகக் கதிர்வீச்சு கொடுத்த அதே வகை எலிக்குள் செலுத்தினார் ஐக்மன். புது எலியிலும் அதே இடியோடைப் அடங்கியது. மாற்றுவதற்கு முன் டி செல்களைத் தனி சீரத்தால் அழித்துவிட்டால் அடக்கம் புது எலிக்குப் போய்ச் சேரவில்லை. ஆகவே அடக்கத்தைத் தூக்கிக்கொண்டு போனது டி செல். போட்ட ஆன்டிபாடி ரத்தத்திலிருந்து மறைந்த பிறகும் அடக்கம் ஏன் நீடித்தது என்பதற்கு இது நல்ல விளக்கமாக இருந்தது. ஆனால் எல்லா அடக்கத்துக்கும் டி செல் தேவை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆன்டி-இடியோடைப் நேராகப் பி செல்லின் மேலுள்ள ஆன்டிபாடியில் ஒட்டியும் அதை முடக்க முடியும்.

அந்த டி செல் இடியோடைப்பைத்தான் அடையாளம் கண்டுச்சுன்னு எப்படிச் சொல்ல முடியும்?

1977இல் ஓவன், ஜூ, நிசோனாஃப் மூவரும் செய்த சோதனையைப் பாருங்கள். எலியின் சிவப்பு ரத்த அணுக்கள் மேல், ஆர்சனேட் இடியோடைப்பைச் சுமக்கும் ஆன்டிபாடித் துண்டுகளைப் பூசினார்கள். அடக்கப்பட்ட எலியின் டி செல்களை அவற்றோடு கலந்தார்கள். சில டி செல்களைச் சுற்றிச் சிவப்பணுக்கள் பூ இதழ் மாதிரி ஒட்டிக்கொண்டன. ரொசெட் என்பது அதைத்தான். ரொசெட் ஆன செல்களைப் பிரித்து எடுத்துவிட்டு மீதியை மாற்றியபோது அடக்கம் போய்விட்டது. இடியோடைப்பைப் பிடிக்கும் செல்லும் அடக்கும் செல்லும் ஒன்றுதான் என்பதற்கு அந்தக் காலத்துக் கருவிகளோடு இதைவிடச் சுத்தமாக நிரூபிக்க முடியாது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. தேர்வில் வந்தால் படம் போட்டு எழுதுங்கள்.

ஆனா டி செல் பெப்டைடைத்தானே பார்க்கும்? முழு ஆன்டிபாடியை எப்படிப் பிடிக்கும்?

கேட்க வேண்டிய கேள்வி. 1977இல் டி செல் ஏற்பி என்னவென்றே தெரியாது. அதன் மரபணு பிடிபட்டது 1984இல்தான். எம்எச்சி மூலக்கூறில் (செல்லின் மேல் புரதத் துண்டைத் தூக்கிக் காட்டுவது) வைக்கப்பட்ட பெப்டைடையே, அதாவது சின்னப் புரதத் துண்டையே, சாதாரண டி செல் பார்க்கும் என்பது உறுதியான பிறகு, ரொசெட் முடிவை எங்கே பொருத்துவது என்பது சிக்கலானது. அந்தச் சிக்கல் முழுசாகத் தீரவில்லை.

இன்னொரு வழி மட்டும் தெளிவாகியது. பி செல் தன் ஆன்டிபாடியையே உள்ளே வெட்டி, இடியோடைப் பகுதியின் பெப்டைடை எம்எச்சி இரண்டாம் வகுப்பில் வைத்து வெளியே காட்டும். அதை உதவி டி செல் பார்க்கும். நார்வேயின் பியார்னே பொகன் குழு மோப்சி315 என்ற எலி மைலோமாவின் இலகு சங்கிலியை வைத்து இதை நிறுவியது. ஆக, டி செல்லுக்கு இடியோடைப் தெரியும் என்பதில் ஐயமில்லை. முழு வடிவமாகத் தெரியுமா என்பதில்தான் தகராறு.

ஐ-ஜேன்னு ஒண்ணு வந்துச்சாம், அப்புறம் காணாமப் போச்சாம். என்ன ஆச்சு?

1976இல் ஜப்பானில் தோமியோ தாதா குழுவும், அமெரிக்காவில் டோனல் மர்ஃபி முதலானோரும், சப்ரஸர் டி செல்லின் மேல் மட்டும் இருக்கும் ஓர் அடையாளத்தைக் கண்டதாக எழுதினார்கள். அதற்கான மரபணு எலியின் 17ஆம் குரோமோசோமில், எச்-2 பகுதியில் (எலியின் எம்எச்சி மரபணுக்கள் இருக்கும் இடம்), ஐ-ஏ, ஐ-ஈ என்ற இரண்டு துண்டுகளுக்கு நடுவில் இருப்பதாக மரபுக் கலப்புச் சோதனைகள் காட்டின. அதற்கு ஐ-ஜே என்று பெயர் வைத்தார்கள். பிறகு சில ஆண்டுகள் சப்ரஸர் ஆராய்ச்சி முழுக்க அதன் மேல்தான் நின்றது.

1980களின் தொடக்கத்தில் லீராய் ஹூட் ஆய்வகத்தில் அந்த டிஎன்ஏ துண்டையே குளோன் செய்து படித்தார்கள். ஐ-ஜேவுக்கு அங்கே இடமே இல்லை. அடுத்து, சப்ரஸர் செல்களிலிருந்து உருவாக்கிய ஹைப்ரிடோமாக்கள் (புற்றுச் செல்லோடு இணைத்து வளர்த்த கலப்புச் செல்கள்) பலவற்றில் டி செல் ஏற்பியின் பீட்டா மரபணு முறையாக வெட்டி ஒட்டப்பட்டிருக்கவில்லை என்று 1985இல் தெரிந்தது. இரண்டு அடிகளும் சேர்ந்து விழுந்ததில் நிதி, மாணவர், இதழ் என்று எல்லாம் இந்தத் துறையை விட்டு விலகின. கெர்ஷன் அதற்குள், 1983இல், காலமாகியிருந்தார்.

அப்ப சப்ரஸர் டி செல்லே பொய்யா?

இல்லை. ஐ-ஜே என்ற விளக்கம் விழுந்தது. செல்லை இன்னொரு எலிக்கு மாற்றினால் அடக்கமும் கூடவே போனது என்று எலியில் நேரில் பார்த்தது விழவில்லை. ரொசெட் சோதனையில் ஐ-ஜேவுக்கு வேலையே இல்லை என்பதைக் கவனியுங்கள். என் வருத்தமெல்லாம், 1980களில் பலர் விளக்கத்தோடு சேர்த்து நேரில் பார்த்ததையும் தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்பதுதான். அடக்கும் டி செல் என்று சொல்லவே தயங்கிய காலம் ஒன்று இருந்தது.

பிறந்து மூன்றாம் நாள் தைமஸை எடுத்துவிட்டால் எலியின் சூலகம் தன் எதிர்ப்பாலேயே அழிகிறது என்று ஜப்பானில் நிஷிசூகாவும் சகாகுராவும் 1969லேயே எழுதியிருந்தார்கள். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போன ஷிமோன் சகாகுச்சி, 1995இல் சிடி25 தாங்கிய சிடி4 டி செல்கள்தான் (சிடி எண்கள் செல்லின் மேலுள்ள அடையாளப் புரதங்கள்; இந்தச் செல்களை இன்று டிரெக் என்கிறோம்) அந்த அழிவைத் தடுக்கின்றன என்று காட்டினார். ஸ்கர்ஃபி என்ற நோயாளி எலி வகையில் பழுதான ஃபாக்ஸ்பி3 மரபணுவை மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் குழு 2001இல் கண்டுபிடித்தது. அந்த மரபணுதான் இந்தச் செல்களை உருவாக்குகிறது என்று 2003இல் உறுதியானது. மூவருக்கும் 2025இன் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

அப்ப பழைய சப்ரஸர் டி செல்லும் இன்னைய டிரெக்கும் ஒண்ணுதானே? அப்படியே எழுதிடலாமா?

எழுதக்கூடாது. அன்றைய சப்ரஸர் செல்கள் பெரும்பாலும் லைட்-2 அடையாளம் கொண்டவை. இன்றைய பெயரில் சிடி8. டிரெக் சிடி4 வகை, ஃபாக்ஸ்பி3 உடையது. அன்றைய சோதனைகளில் சிலவற்றில் டிரெக்கும் கலந்து வேலை செய்திருக்கலாம். ஆனால் பழைய ரொசெட் செல் இன்றைய எந்தச் செல் என்று யாரும் நேருக்கு நேர் பொருத்திக் காட்டவில்லை. ‘அடக்கும் டி செல் என்ற கருத்து மீண்டது, செல்லின் அடையாளம் மாறியது’ என்று எழுதுங்கள், மதிப்பெண் போகாது.

ஜெர்ன் சொன்ன நெட்வொர்க் தியரி இப்ப செல்லுமா?

நீல்ஸ் ஜெர்ன் 1974இல் சொன்னது பெரிய கூற்று: இடியோடைப்பும் அதற்கு எதிரானதும் ஒன்றையொன்று பிடித்து ஒரு வலையாக இருக்கின்றன, எதிர்ப்பு மண்டலம் அந்த வலையின் சமநிலையால்தான் நடக்கிறது என்றார். 1984இல் கோலர், மில்ஸ்டைனோடு அவருக்கும் நோபல் கிடைத்தது. (இந்தக் கோலர் ஜார்ஜஸ் கோலர், மேலே வந்த ஹைன்ஸ் கோலர் வேறு.)

வலையின் கண்ணிகள் இருக்கின்றன; ஏபி2 உண்மை, ஏபி3 உண்மை. ஆனால் அன்றாடக் கட்டுப்பாடு முழுவதும் வலையால்தான் நடக்கிறது என்பதற்குப் போதிய சான்று சேரவில்லை. ஆன்டிஜென் தீர்ந்துபோவது, பி செல் மேலுள்ள எஃப்சி காமா இரண்டு-பி ஏற்பி தடை போடுவது, டிரெக் ஆகியவற்றைக் கொண்டே இன்று பெரும்பகுதியை விளக்கிவிடுகிறார்கள். என் கருத்தில் இடியோடைப் கட்டுப்பாடு எலியில் நிகழக்கூடியது. எப்போதும் நிகழ்வது என்று சொல்ல முடியாது.

வயல் எலி எலிக்காய்ச்சல் கிருமியை வெச்சிக்கிட்டே நல்லாத்தானே ஓடுது, அது சப்ரஸர் செல்லாலயா?

சம்பா நடவு நேரத்தில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலோடு இருக்கும்போது இந்தக் கேள்வி வரும். லெப்டோஸ்பைரா கிருமி எலியின் சிறுநீரக நுண்குழாய்களுக்குள் போய்த் தங்கிவிடுகிறது. ஆன்டிபாடி சரியாக எட்டாத இடம் அது. ரத்தத்தில் எதிர்ப்பு இருந்தும் சிறுநீரில் கிருமி வந்துகொண்டே இருக்கும். இதை இடியோடைப் கதையோடு சேர்க்க வேண்டாம். காலில் புண்ணோடு சேற்றில் இறங்கியவருக்குக் காய்ச்சலும் தசை வலியும் வந்தால் அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

இதெல்லாம் மனுஷனுக்கு ஏதாவது பிரயோஜனப்பட்டுச்சா?

பட்டது. பி செல் லிம்ஃபோமா என்ற புற்றில் கட்டியின் எல்லா செல்லும் ஒரே இடியோடைப்பைத்தான் மேலே வைத்திருக்கும். 1982இல் ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் மில்லர், ரொனால்ட் லெவி குழு, ஒரு நோயாளியின் கட்டிக்கென்றே எலியில் தயாரித்த ஆன்டி-இடியோடைப்பைக் கொடுத்து அவருடைய கட்டியைக் கரைத்தது. ஆளுக்கு ஆள் புதிதாகத் தயாரிக்க வேண்டியிருந்ததால் அந்த வழி பரவவில்லை. இன்று ஆன்டிபாடி மருந்து நோயாளியின் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் சோதனைகளில் ஆன்டி-இடியோடைப்தான் முக்கியக் கருவி.

மேடம், இதை வெச்சு புராஜெக்ட் பண்ணலாமா? எலி வாங்க முடியாதே?

பதிவு பெற்ற விலங்குக் கூடமும் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும் இல்லாமல் எலியைத் தொடவே கூடாது. அதனால் கணினியில் செய்யுங்கள். மெக்பிசி603 என்ற பால்ப்/சி மைலோமா ஆன்டிபாடி பாஸ்போரைல்கோலினைப் பிடித்திருக்கும் அமைப்பு 1974லேயே எக்ஸ்ரே மூலம் தீர்க்கப்பட்டது. புரோட்டீன் டேட்டா பேங்க்கில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆறு வளையங்களுக்கும் நிறம் கொடுத்து, நடுக்குழியில் பாஸ்போரைல்கோலின் உட்கார்ந்திருப்பதையும் அதைச் சுற்றி எவ்வளவு மேற்பரப்பு மிச்சமிருக்கிறது என்பதையும் பாருங்கள்.

பிறகு டி15இன் வரிசையோடு ஒப்பிடுங்கள். இரண்டின் கன சங்கிலியும் ஒரே மரபணுக் குடும்பம். இலகு சங்கிலி வேறு. பிடிப்பது ஒரே மூலக்கூறை. ஆனாலும் இடியோடைப் வெவ்வேறு. டி15க்கு எதிரான ஆன்டிபாடி 603ஐ ஏன் விட்டுவிடுகிறது என்பதற்கு எந்தெந்த அமினோ அமிலங்கள் காரணமாக இருக்கலாம் என்று குறித்து எடுத்து வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.